முதலில் எடுத்து வைப்பது

சம்பளம் கணக்கில் ஏறிய அன்று மாலையே அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பால்காரருக்கும் பலசரக்குக் கடைக்கும் கொடுப்பதற்கு முன்னால் அது நடந்தாக வேண்டும். பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் மூன்று கவர்கள் இருக்கின்றன. ஒன்று எங்கள் சபைக்கு. ஒன்று வடமாநிலங்களில் ஊழியம் செய்கிற மிஷனெரிகளுக்கு. மூன்றாவது கவரின் மேல் எதுவும் எழுதியிருக்காது. ஊரில் யாருக்காவது அவசரம் வரும்போது அதிலிருந்து எடுப்போம். பிரித்து வைத்த பிறகு நானும் என் வீட்டுக்காரரும் கட்டிலில் உட்கார்ந்து சின்னதாக ஒரு ஜெபம் செய்வோம். அதன் பிறகுதான் அந்த மாதத்துச் செலவுக் கணக்கு.

எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்கிற கிறிஸ்தவ வீடுகள் நிறைய உண்டு. இதில் புதுமை ஏதும் இல்லை. இந்த வழக்கம் என்னை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். கவரில் பணம் வைப்பது எளிது. மீதி ஒன்பது பங்கை என்ன செய்கிறாய் என்று ஆண்டவர் கேட்கத் தொடங்குவார். அங்கேதான் எனக்கு மூச்சு முட்டியது.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். பயிர்க்கடன், உரம் என்று எல்லாம் உண்டென்றாலும் என் மேசைக்கு அதிகம் வருவது நகைக்கடன்தான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளின் கம்மல் வரும். மழை பொய்த்த வருஷம் வளையல் வரும். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் எல்லாமும் வரும். நகை மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை சொல்லும்போது எதிரே நிற்கும் பெண்ணின் முகத்தை நான் பார்ப்பதில்லை. பார்த்தால் அவளுக்குச் சங்கடம். ஒரு குடும்பம் எதை முதலில் விடுகிறது, எதைக் கடைசிவரை பிடித்துக்கொள்கிறது என்பது அந்த மேசையில் தெரிந்துவிடும். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு பொக்கிஷத்தையும் இருதயத்தையும் ஏன் சேர்த்துப் பேசினார் என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவளுக்கு யாரும் பிரசங்கம் செய்து விளக்க வேண்டியதில்லை.

என் அப்பா பனையேறி. மாசியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை காலையும் மாலையும் மரம். அம்மா வெயிலோடு வெயிலாகப் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். மழைக்காலத்தில் தொழில் இல்லை. அந்த மாதங்களில் கஞ்சி குடிக்க வேண்டுமென்றால் கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கினால் அடுத்த பருவத்தில் ஊற்றுகிற கருப்பட்டி முழுவதும் அவர் சொல்லுகிற விலைக்கு அவருக்கே. பருவம் முடியும்போது கணக்குப் பார்த்தால் பழைய பாக்கி அப்படியே இருக்கும். அப்பா மரத்தில் ஏறியதெல்லாம் போன வருஷம் தின்ற சோற்றுக்காக.

அந்த வீட்டில்தான் அம்மா பிடியரிசி எடுத்தாள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த கலயத்தில் போடுவாள். சனிக்கிழமை கலயத்தைக் கவிழ்த்துத் துணியில் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவோம். எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில், அந்த அரிசி உபதேசியார் குடும்பத்துக்கும் ஏழை விதவைகளுக்கும் போனது. எனக்கு விவரம் தெரிந்த வயதில், பசியோடு இருந்த ஒரு நாள், நமக்கே பத்தாதே என்று கேட்டேன். அம்மா உலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “முதல்ல எடுத்தாத்தாம்ட்டி அது அவருக்கு. தின்னுட்டு மிச்சத்தப் போட்டா அது நாய்க்குப் போடுத மாதிரி.”

அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். ஆனாலும் அந்தப் பிடியரிசிக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் 1912-இல் டோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் ஆனார். வெளிநாட்டுப் பணம் இல்லாமல், திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் கொடுத்த காசில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அந்தக் காசில் பனையேறிகளும் கூலிக்காரர்களும் கொடுத்ததும் உண்டு. கிறிஸ்தவர்கள் கொடுப்பதைப் பற்றி அசரியா தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஏழைகளிடம் காணிக்கை கேட்கலாமா என்று இன்று சிலர் கேட்கிறார்கள். கேட்டு வற்புறுத்துவது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் அம்மாவைப் போன்றவள், கொடுக்கிற ஒரு மனுஷியாகத் தலைநிமிர்ந்து கோயிலுக்குள் போனதை நான் பார்த்திருக்கிறேன். வாரம் முழுவதும் வியாபாரிக்குக் கடன்காரியாக இருந்தவள், அந்த ஒரு முடிச்சோடு நடக்கும்போது யாருக்கும் கடன்காரி இல்லை. மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் கொடுத்தார்கள் என்று பவுல் எழுதுகிற இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நடைதான் கண்ணில் வரும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் சொல்ல வேண்டும். முதல் பூசணி, முதல் வாழைத்தார், கோழி, முட்டை என்று காணிக்கையாக வந்ததை ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஒரு முட்டை சந்தை விலைக்குப் பல மடங்கு போகும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் போட்டி போட்டுக் கேட்பார்கள். அப்பா ஒரு சிப்பம் கருப்பட்டி கொண்டுவந்து வைப்பார். வியாபாரிக்குப் போகாத ஒரே சிப்பம் அது. அவருடைய கருப்பட்டிக்கு நியாய விலைக்கு மேலேயே கிடைத்த ஒரே இடம் கோயில் முற்றம்தான். அந்தப் பணம் அவர் கைக்கு வராது. ஆனாலும் ஏலம் முடிகிறவரை நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

எனக்கு வேலை கிடைத்தபோது முதல் மாதச் சம்பளத்தை முழுவதுமாகக் கோயிலில் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். முதற்பலன் என்று எங்கள் பக்கம் இதைச் சொல்வார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சம்பளத்தை நம்பிக் கைமாற்று வாங்கியிருந்தோம். கொடுத்தேன். அதன் பிறகு ஏதோ அதிசயம் நடந்து பணம் வந்தது என்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கைமாற்று கொடுத்தவரிடம் போய் அடுத்த மாதம் தருகிறேன் என்று கேட்டேன். அவர் சரி என்றார். அடுத்த மாதம் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொடுத்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும், நூறு மடங்காகத் திரும்பும் என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்களைக் கேட்டால் என் வயிறு எரிகிறது. அப்பா வாழ்நாள் முழுவதும் கொடுத்தார். கடைசிவரை பனையோலை வீட்டில்தான் இருந்தார். அவர் விசுவாசத்தில் குறை இருந்தது என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். ஆண்டவருக்குக் கொடுப்பதை வட்டிக்கு விடுவதாக ஆக்கிவிட்டால், என் சங்கத்து மேசைக்கும் பலிபீடத்துக்கும் என்ன வித்தியாசம்?

என் வீட்டுக்காரர் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். கல்யாண வீடுகளை நம்பிய தொழில். கல்யாணங்கள் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில்தான் அதிகம் வரும். எல்லோருக்கும் விடுமுறை நாள். நாங்கள் ஞாயிறு காலை ஆராதனை முடிகிற வரை லாரியில் சாமான் ஏற்றுவதில்லை, இறக்குவதில்லை. சனிக்கிழமை இரவுக்குள் எல்லாம் கொண்டுபோய் வைத்துவிடுவார். பந்தல் கட்டுகிற பையன்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கும் அந்தக் காலை ஓய்வு. இதனால் கையைவிட்டுப் போன வாடகை நிறைய. நல்ல வாடிக்கைக்காரர்கள் சிலர் வேறு கடைக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. அந்த நஷ்டம் வேறு வழியில் ஈடாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். நஷ்டம் நஷ்டமாகவே இருக்கிறது. ஆராதனையில் அவர் பக்கத்தில் பையன்கள் இல்லாமல், போன் அடிக்காமல், பாட்டுப் புத்தகத்தை விரித்து நிற்கிற அந்த நேரத்தின் விலை அது என்று நாங்கள் இருவரும் தெரிந்தே கொடுக்கிறோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் ஈரோட்டு வியாபாரி ஒருவரிடம் தவணைக்குப் பந்தல் துணி எடுத்திருந்தோம். நாற்காலிகளுக்கு வங்கிக் கடன். கல்யாணங்கள் நின்றன, அல்லது வீட்டுக்குள்ளேயே நாலு பேரோடு முடிந்தன. கடை பூட்டிய கதவோடு நின்றது. வங்கிகள் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றன. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியும், அதனால் என் சம்பளத்திலிருந்து முடிந்த அளவு கட்டிக்கொண்டு வந்தோம். அந்த மாதங்களில்தான் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் என்றார்கள்.

அந்த மாதம் சம்பளம் வந்த அன்று இருவரும் கட்டிலில் உட்கார்ந்தோம். அவர் கவர்களை எடுக்கவில்லை. “ஈரோட்டுக்காரருக்குக் குடுக்கணும். அம்மைக்குக் கட்டணும். இதுல பத்துல ஒண்ணு எடுத்து வைக்கிறது நியாயமா?” என்று கேட்டார். தசமபாகம் கொடுக்க மனமில்லாதவரின் கேள்வி அல்ல அது. கடன் கொடுத்தவனைக் காக்க வைத்துவிட்டு ஆண்டவருக்குக் கொடுத்தால் ஆண்டவர் அதை வாங்கிக்கொள்வாரா என்பதுதான் அவர் கவலை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் எங்கள் பழைய உபதேசியார் தாத்தாவுக்குப் போன் செய்தேன். வயது எண்பதைத் தாண்டியவர். நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “மக்கா, கடைக்குக் கடன் வாங்கினீங்கள்ல, அந்தக் கடன் பணம் கைக்கு வந்தப்போ அதுல பத்துல ஒண்ணு எடுத்தியா?”

“இல்ல தாத்தா. அது நம்ம பணம் இல்லல்லா.”

“அப்ப அது இன்னும் நம்ம பணம் இல்ல. ஈரோட்டுக்காரன் பணம் ஈரோட்டுக்காரனுக்கு. கடையில லாபம் இல்லன்னா கடைக் கணக்குல தசமபாகமும் இல்ல. உன் சம்பளம் ஆண்டவர் உனக்குத் தந்தது. அதுல எடு. மிச்சத்துல கடன அடை. வேற எங்க குறைக்கணுமோ அங்க குறை.”

பிறகு மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ஆலயத்துக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொள்கிற இடம் அது. சின்ன வயதிலிருந்து வாசித்த பகுதிதான். அன்று அது மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. “அம்மைக்குச் செய்யிறத காணிக்கைக் கணக்குல எழுதாத. காணிக்கையச் சொல்லி அம்மைக்குக் குறைக்காத. ரெண்டும் அவர் கேக்கிறதுதான்” என்றார் தாத்தா.

வேறு எங்கே குறைப்பது என்று யோசித்தபோது என் இரட்டைவடச் சங்கிலி நினைவுக்கு வந்தது. அடகு வைக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் மாட்டேன் என்றேன். மீட்கப் பணம் வரும் வழி தெரிந்தால்தான் நகையை அடகு வைக்க வேண்டும். வழி தெரியாதபோது அடகு வைத்தால் வட்டி கட்டிக் கட்டிக் கடைசியில் ஏலத்துக்குத்தான் போகும். வட்டியும் போய் நகையும் போன எத்தனையோ வீடுகளை என் மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். விற்றுவிடலாம் என்றேன். கடைக்காரர் நிறுத்துப் பணம் கொடுத்தபோது என் கழுத்து லேசாக இருந்தது, அழவும் செய்தேன். ஆபரேஷன் நடந்தது. மாமியார் நடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு அதன் பிறகு இரண்டு கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வந்தார்கள்.

அதே ஊரடங்குச் சமயத்தில் நடந்த இன்னொன்று, இதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரடங்குக்குச் சற்று முன்னால் ஒரு கல்யாண வீட்டுக்குப் பந்தல் கட்டி முடித்திருந்தார்கள். கல்யாணம் நின்றுவிட்டது. நடக்காத கல்யாணத்துக்கு வாடகை எதற்கு என்று அந்த வீட்டார் பணம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பையன்களின் கூலி பாக்கி. நமக்கே வரவில்லை, பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து, வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, போலீஸ்காரர்களிடம் காரணம் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வந்து சொன்னார்: “கூலிக்காரன் கூலிய பொழுது சாயுமுன்ன குடுக்கணும்னு உபாகமத்துல இருக்கு. நான் ஏற்கனவே ஒரு வாரம் பிந்திட்டேன்.”

எங்கள் சபையில் காணிக்கைக் கவர்களின் மேல் மல்கியா மூன்றாம் அதிகாரம் பத்தாம் வசனத்தின் எண்ணை அச்சடித்திருப்பார்கள். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லி, வானத்தின் பலகணிகளைப் பற்றிப் பேசுகிற வசனம். தமிழ்க் கிறிஸ்தவர்களில் அதைக் கேட்காதவர் இருக்க முடியாது. அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்களுக்கு முன்னால், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைத்துக்கொள்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் பரதேசியையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தானே சாட்சியாக வருவேன் என்று தேவன் சொல்கிறார். ஐந்தாம் வசனத்தைக் கவரில் அச்சடித்து நான் எங்கும் பார்த்ததில்லை. அச்சடிக்க வேண்டும் என்று எங்கள் குருவானவரிடம் சொல்லியும் இருக்கிறேன். வேலைக்காரப் பெண்ணுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்துக்கொண்டு ஸ்தோத்திரக் காணிக்கைக்கு ஆயிரங்களைப் போடுகிற வீட்டில், விசுவாசத்துக்கு முதலிடம் கிடைத்திருக்கிறது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பத்தாம் வசனத்தை ஐந்தாம் வசனம் வழியாகப் போய்த்தான் அடைய வேண்டும்.

உபாகமம் பதினான்காம் அதிகாரத்தையும் நிதானமாகப் படித்தால் தசமபாகம் பற்றி வேறொரு படம் கிடைக்கும். விளைச்சலின் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு சந்தோஷமாகச் சாப்பிடச் சொல்கிறது அது. மூன்றாம் வருஷத்துப் பங்கு லேவியருக்கும் பரதேசிக்கும் திக்கற்றவருக்கும் விதவைக்கும். எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் பணக்காரரும் பனையேறியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறு தின்னும்போது எனக்கு அந்த அதிகாரம்தான் நினைவுக்கு வரும். மூன்றாவது கவரின் மேல் நாங்கள் பெயர் எழுதாமல் வைத்திருப்பதும் அதை நினைத்துத்தான்.

2021 தொடக்கத்தில், கூட்டுறவு நகைக்கடன்கள் தள்ளுபடி ஆகும் என்ற பேச்சு எங்கும் பரவியது. அந்த வருஷமே ஐந்து பவுன் வரை தள்ளுபடி என்று அரசு அறிவித்தது. கஷ்டத்தில் இருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு நகை திரும்பக் கிடைத்தது. ஆனால் அறிவிப்புக்கு முன்னாலேயே, எனக்கு மிக நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல வசதி. பீரோ நிறைய நகை. அதைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, வேலைக்காரர்கள் பேரிலும் உறவுக்காரர்கள் பேரிலும் எங்கள் சங்கத்தில் வைத்துத் தர வேண்டும் என்றார். தள்ளுபடி வந்தால் எல்லாருக்கும் லாபம், உனக்கும் உண்டு என்றார். அந்தச் சமயம் எங்கள் கையில் பணமே இல்லை. அவர் சொன்ன தொகை ஈரோட்டுப் பாக்கியை அப்படியே அடைத்திருக்கும். இதை மறைக்காமல் எழுத வேண்டும்: அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பீரோவில் கவர்கள் இருந்தன. அவர் தருவதாகச் சொன்ன பணத்தில் பத்தில் ஒரு பங்கை அந்தக் கவர்களில் எப்படி வைப்பது என்று யோசித்தேன். வைக்க முடியாது. ஆண்டவருக்குப் பத்தில் ஒன்று எடுக்கக் கூசுகிற பணத்தின் மீதி ஒன்பது பங்கை நான் எப்படித் தொட முடியும்? எனக்கு அந்த வழக்கம் செய்த மிகப் பெரிய உபகாரம் இதுதான். முடியாது பெரிப்பா என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. காபி குடிக்காமலே எழுந்து போனார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. பந்தலும் வேறு கடையில்தான் எடுத்தார்கள். ஆராதனையில் பார்த்தால் இப்போதும் தலையைத் திருப்பிக்கொள்வார். அவருக்காக ஜெபிக்கிறேன். அவர் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவில்லை.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மாதம் இருபதாம் தேதி தாண்டினால் எனக்குப் பயம் வருகிறது. கொடுத்ததை வைத்திருந்தால் இப்போது உதவுமே என்ற எண்ணம் வந்துபோகும். அந்தப் பயத்தை விசுவாசக் குறைவு என்று நான் மூடிவைப்பதில்லை. அதைச் சொல்லியே ஜெபிக்கிறேன். எல்லாம் இருக்கிறவர்களுக்கு முதலில் எடுத்து வைப்பது ஒரு கழித்தல் கணக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு மாதத்தின் மிச்ச நாட்களை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டு நடக்கிற காரியம். ஒரு மாதம் கொடுத்ததால் அடுத்த மாதம் எளிதாகிவிடுவதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் கட்டில் ஜெபம் இன்னும் எனக்கு வெறும் சடங்காக ஆகவில்லை.

மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். கல்விக் கடன் தவணை இருக்கிறது. போன மாதம் போனில் கேட்டாள், பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு வருகிற சம்பளத்தில் பத்தில் ஒன்றா, பிடித்தத்துக்கு முன்னால் உள்ளதிலா என்று. நான் முழுச் சம்பளத்தில் என்றேன். அவள் அப்பா, கைக்கு வருவதில் எடு, பி.எஃப். பணம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு அதிலும் எடு, மறந்துவிடாதே என்றார். அவர் சொன்னதும் சரிதான் என்று இப்போது படுகிறது. தவணையைத் தவறவிடாதே, வாடகையைப் பிந்தாதே, அறையைக் கூட்டித் துடைக்க வருகிற அக்காவுக்கு ஒன்றாம் தேதியே கொடுத்துவிடு என்றும் சொன்னோம்.

எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. பணிக்கொடை வரும். அதன் பத்தில் ஒரு பங்கை என்ன செய்வது என்று இருவரும் பேசி முடித்துவிட்டோம். அதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கிறிஸ்தவர்களானதால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதற்காக, திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். ஜெபித்தால் போதும் என்று விடாமல் அவர்கள் காலூன்ற மண்ணையே வாங்கிக் கொடுத்த சங்கம் அது. அந்த அளவுக்கு எங்களால் முடியாது. எங்கள் சேகரத்தில் இன்னும் மரம் ஏறுகிற குடும்பங்கள் சில இருக்கின்றன. மழைக்காலத்தில் அவர்கள் இன்னமும் வியாபாரியிடம்தான் போய் நிற்கிறார்கள். அந்த மாதங்களுக்கு வட்டியில்லாமல் கொடுத்து, பருவத்தில் திரும்ப வாங்கி, மறு வருஷம் வேறு குடும்பத்துக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு தொகையைச் சபை வழியாக வைக்கலாம் என்று யோசனை. கமிட்டியில் சொன்னேன். திரும்பி வராவிட்டால் என்ன செய்வது, கிறிஸ்தவர் அல்லாத குடும்பத்துக்குக் கொடுக்கலாமா, கணக்கை யார் பார்ப்பது என்று மூன்று கேள்விகள் வந்தன. கணக்கை நான் பார்க்கிறேன் என்றேன். கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது கேள்விக்கு என் பதில். முதல் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மறுபடியும் கமிட்டி முன்னால் உட்காரப் போகிறேன்.